பொரிக்காத முட்டைக்குள் என்ன இருந்தது?

வீட்டில் இன்குபேட்டர் பெட்டி வைத்துக் குஞ்சு பொரிப்பவர்களிடம் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு எண்ணில்தான் வந்து நிற்கும். எத்தனை வைத்தீர்கள், எத்தனை பொரித்தது? நூற்றுக்கு எழுபது என்றால் பரவாயில்லை, தொண்ணூறு என்றால் கைராசி, நாற்பது என்றால் முட்டை சரியில்லை. அவ்வளவுதான் கணக்கு. குஞ்சுகளைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, பெட்டியில் மிச்சம் கிடக்கிற முட்டைகளை ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். உள்ளே என்ன இருந்தது என்று அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம் இது. பரீட்சையில் வாங்கிய மார்க்கை மட்டும் கேட்டுக்கொண்டு, திருத்திய விடைத்தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எறிவது மாதிரி. எந்தக் கேள்வியில் மார்க் போனது என்று தெரியாமல் அடுத்த பரீட்சைக்கு எதைப் படிப்பது?

என் அக்காவுக்கு இதில் உடன்பாடில்லை. அவளும் பெட்டி வைத்திருக்கிறாள், பெரும்பாலும் காடை. மிச்ச முட்டைகளை நான் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வெளியே போனாலே முகத்தைச் சுளிப்பாள். "செத்ததை எதுக்குடா நோண்டுற? அதுபாட்டுக்குப் போகட்டும் விடு" என்பாள். ஒருமுறை இதற்கு ஒரு வாதமும் வைத்தாள், நல்ல வாதம்தான். "அடைக்கோழி என்ன பண்ணுது? குஞ்சு வெளிய வந்ததும் ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள் பார்க்கும். அப்புறம் இருக்கிறதைக் கூட்டிக்கிட்டு எழுந்து போயிடும். மிச்ச முட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கோழிக்கே வேண்டாம்னா உனக்கு என்ன?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு யோசித்தபோதுதான் தோன்றியது: கோழி தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை. அடைக்கு உட்காரும்போது அதன் அடிவயிற்றில் இறகு உதிர்ந்து, சூடான தோல் நேரே முட்டையில் படுகிறது. எது குளிர்ந்திருக்கிறது என்று அந்தத் தோலே சொல்லிவிடும். ஓரத்தில் கிடப்பதை நடுவுக்குத் தள்ளும், அலகால் புரட்டும், நாளுக்கு ஒருமுறை இரை தேட எழுந்து கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும். பெட்டிக்கு இதில் எதுவும் தெரியாது. விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி வைப்பதா, விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 டிகிரியை ஒட்டி வைப்பதா, தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது, எந்த முனையை மேலே வைப்பது, நாளுக்கு எத்தனை தடவை புரட்டுவது, எல்லாமே பெட்டிக்காரர் எடுக்கிற முடிவு. முடிவெடுத்தவர் அதன் விளைவைப் பார்க்காமல் கட்டிப் போட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்காவிடம் இதைச் சொன்னேன். "நல்லா பேசுற, ஆனா எனக்குக் குமட்டுது" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது?

சித்தப்பாவின் பெட்டி

இந்த உறுத்தல் வெறும் உறுத்தலாக இல்லாமல் ஒரு திடமான அபிப்பிராயமாக மாறியது சித்தப்பாவின் பெட்டியால். நல்ல பெட்டி அது. விசிறி உண்டு, தானாகவே புரட்டும் தட்டு உண்டு, வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று வேறு இரண்டு வெப்பமானிகளை உள்ளே வைத்து ஒப்பிட்டும் பார்த்துவிட்டார். அப்படியும் கோழி முட்டையில் பாதிகூடப் பொரிக்கவில்லை. விசாரித்த இடத்தில் எல்லாம் ஒரே யோசனை: ஈரப்பதம் போதவில்லை, தண்ணீரைக் கூட்டுங்கள். குஞ்சு உள்ளேயே செத்துக் கிடக்கிறது என்று யார் சொன்னாலும் இந்தப் பதில்தான் முதலில் வந்து விழும்; நானே பலபேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சித்தப்பா தண்ணீரைக் கூட்டினார். அடுத்த அடை அதைவிட மோசம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: சேவல் சரியில்லை. முட்டை கொடுத்தவரோடு அதற்காக ஒரு வாக்குவாதமும் நடந்து முடிந்திருந்தது.

"பெட்டியை நீயே எடுத்துட்டுப் போயிடுப்பா" என்று என்னை அழைத்தார். நான் போனதும் கேட்டது மிச்ச முட்டைகளை. "அதையா கேக்கற? அதை வச்சு என்ன பண்ணப் போற?" என்றார். நல்ல வேளையாக இன்னும் தூக்கிப் போடவில்லை. அவர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எண்ணும் தேதியும் எழுதி, ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்ததை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். அந்த நோட்டை முதலில் வாங்கிப் பார்த்தேன். கரு தெரியாமல் தெளிவாக இருந்தவை மிகக் கொஞ்சம். மற்ற எல்லாவற்றிலும் நரம்பு ஓடியிருக்கிறது, நிழல் அசைந்திருக்கிறது. கடைசி வாரம் வரை வளர்ந்த குஞ்சு அப்பா இல்லாமலா வளர்ந்தது? சேவல் மேல் போட்ட பழி அந்த நோட்டிலேயே விழுந்துவிட்டது. சித்தப்பா சிரிக்கவில்லை. "சரி, உடை" என்றார்.

வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்தோம். நான் உடைக்க, அவர் எழுத. முட்டையின் அகன்ற முனையில்தான் காற்றறை இருக்கும். அந்த முனையில் மெதுவாகத் தட்டி, ஓட்டைச் சில்லுச் சில்லாக எடுத்தால் கீழே வெள்ளைச் சவ்வு தெரியும். முதல் முட்டையில் காற்றறை என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை, ஒரு சின்னக் குழிதான். சவ்வைக் கிழித்ததும் நீர் வழிந்தது. உள்ளே முழுசாக வளர்ந்த குஞ்சு, உடம்பெல்லாம் ஊதி, சதசதவென்று நனைந்து. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் அலகு காற்றறைக்குள் நுழைந்திருந்தது, ஆனால் அந்த அறைக்குள்ளேயே ஈரம் கசிந்திருந்தது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். சித்தப்பா எழுதுவதை நிறுத்திவிட்டு முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப தண்ணி பத்தலைன்னு சொன்னாங்களே?" என்றார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, ஓட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோழி முட்டையின் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் பல ஆயிரம் இருக்கின்றன. அவற்றின் வழியாக ஆக்சிஜன் உள்ளே போகிறது, கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெளியே வருகின்றன. அடைகாக்கும் நாட்களில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12, 13 சதவீதம் நீரை இப்படி இழந்தாக வேண்டும். 60 கிராம் முட்டை 18-ஆம் நாள் கிட்டத்தட்ட 53 கிராமுக்கு வந்திருக்க வேண்டும். நீர் போன இடத்தைத்தான் காற்று பிடிக்கிறது. காற்றறை பெரிதாவது அப்படித்தான். பெட்டிக்குள் ஈரம் அளவுக்கு மேல் இருந்தால் முட்டை காயாது, அறை பெரிதாகாது, கடைசியில் மூக்கை நீட்டி முதல் மூச்சு இழுக்கிற நேரத்தில் குஞ்சுக்கு இடமும் இல்லை, காற்றும் இல்லை. ஈரம் குறைந்தால் நேர்மாறு: காற்றறை மிகப் பெரிதாகி, சவ்வு தோல்போலக் காய்ந்து, குஞ்சு திரும்ப முடியாமல் ஒட்டிக்கொள்ளும். இரண்டிலும் வெளியே தெரிவது ஒன்றுதான், பொரிக்காத முட்டை. வெளியிலிருந்து பார்த்து மருந்து சொன்னால் பாதி நேரம் நோயையே மருந்தாகக் கொடுத்துவிடுவோம். சித்தப்பாவுக்கு நடந்தது அது.

அத்தோடு முடிந்திருந்தால் 'ஈரப்பதத்தைக் குறையுங்கள்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு வந்திருப்பேன். அடுத்த முட்டைதான் என்னை அசத்தியது. அகன்ற முனையைத் திறந்தால் தலையைக் காணோம். காற்றறை நன்றாகவே இருந்தது, நீரும் வழியவில்லை. அதன் கீழே தெரிந்தது குஞ்சின் பின்பக்கம். முழுக்க உரித்துப் பார்த்தபோது தலை கூர்முனையில் இருந்தது. பொரிக்கத் தயாராகும் குஞ்சு பொதுவாகத் தலையை அகன்ற முனைப் பக்கம் வைத்து, வலது இறக்கைக்கு அடியில் செருகி, அலகைக் காற்றறைக்கு நேராக நீட்டியிருக்கும். இது தலைகீழாக வளர்ந்திருந்தது. முட்டையைக் கூர்முனை மேலே இருக்கும்படி தட்டில் நிறுத்தினால் இப்படி ஆவதற்கு வாய்ப்பு கூடும். தலை மேல்நோக்கிப் போகும், காற்றறையோ கீழே இருக்கும். ஓடு தாண்டி வெளியே வர அதற்கு வழி குறைவு. சித்தப்பா ஞாபகப்படுத்திப் பார்த்தார். சில முட்டைகள் நல்ல உருண்டை, இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்ததால் தோதாக நின்ற பக்கம் நிறுத்தியிருக்கிறார். டார்ச் அடித்தால் காற்றறை எந்தப் பக்கம் என்று நொடியில் தெரிந்திருக்கும்.

இன்னொரு முட்டையில் கரு நாலாம் நாளே போய்விட்டிருந்தது. சவ்வில் ஒரு ரத்த வளையம் மட்டும். இன்னொன்றில் குஞ்சு சரியாக உட்கார்ந்து, அலகைச் சரியான இடத்தில் நீட்டி, மஞ்சள்கரு பாதி வயிற்றுக்குள் போன நிலையில் நின்றிருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் தென்படவில்லை. காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் சித்தப்பா ஒரு கோடு போட்டார்.

'நாற்பது சதவீதம்' என்ற ஒரே எண்ணுக்குள் இத்தனை வெவ்வேறு சாவுகள். நீரில் மூழ்கியதற்கும் தலைகீழாகத் திரும்பியதற்கும் நாலாம் நாள் நின்றுபோனதற்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லை. ஒன்றுக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும், ஒன்றுக்கு முட்டையைத் திருப்பி நிறுத்த வேண்டும், ஒன்றுக்கு நாம் செய்ய ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அன்றைக்குப் பிறகு யாராவது சதவீதம் சொன்னால் எனக்குக் காதில் விழுவதில்லை.

எந்த நாளில் நின்றது?

செத்த கருவைத் திறக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த நாளில் நின்றது என்பது. கோழி முட்டையின் 21 நாளில் சாவு சீராகப் பரவியிருப்பதில்லை. முதல் வாரத்தின் ஆரம்பத்தில் ஒரு மேடு, கடைசி மூன்று நாலு நாட்களில் இன்னொரு மேடு, நடுவில் பெரும்பாலும் சமதளம். முதல் மேட்டில் இதயமும் ரத்தக் குழாய்களும் உருவாகின்றன. இரண்டாவதில் ஓட்டின் உட்புறத்தில் விரிந்த சவ்வு வழியாகச் சுவாசித்துக்கொண்டிருந்த குஞ்சு நுரையீரலுக்கு மாறுகிறது. இரண்டுமே பெரிய திருப்பங்கள், அதனால் நல்ல பெட்டியிலும் கொஞ்சம் இழப்பு இருக்கத்தான் செய்யும். இழப்பு அளவுக்கு மீறும்போதுதான் நாளைப் பார்த்துக் காரணத்தைத் தேட வேண்டும்.

தொடக்கத்திலேயே நின்றவை நிறைய என்றால், முட்டை பெட்டிக்குள் போகும் முன்பே ஏதோ நடந்திருக்கலாம்: ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தது, வண்டியில் குலுங்கியது, சூடான அறையில் கிடந்து கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பின் நின்றது. டார்ச்சில் தெளிவாகத் தெரிந்ததையெல்லாம் சேவலின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஏழாம் நாள் எடுக்கும்போதே ஒரு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கருக்கூடாத முட்டையில் மஞ்சள்கருவின் மேல் ஒரு சின்ன, அழுத்தமான வெள்ளைப் புள்ளி மட்டும் இருக்கும். கருக்கூடி உடனே இறந்ததில் அந்தப் புள்ளி வெளிறிய வட்டமாகப் பரவியிருக்கும். முதலாவது சேவலின் பிரச்சினை. இரண்டாவது முட்டையைக் கையாண்டவரின் பிரச்சினை. டார்ச் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நடுவாரத்தில் நின்றவை கூடினால் நான் பெட்டியை விட்டுவிட்டுத் தாய்க்கோழியின் தீவனத்தை யோசிப்பேன். குஞ்சுக்கு வேண்டிய எல்லாமே முட்டை இடும்போதே உள்ளே போயிருக்க வேண்டும், நடுவில் யாரும் எதுவும் சேர்க்க முடியாது. உதாரணமாக ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் போதாமல் போனால் கரு குன்றிப்போய், மென்தூவி விரியாமல் சுருண்டு, முடிச்சு முடிச்சாக நிற்கும். புரட்டுவதில் குறை இருந்தாலும் அடையாளம் கிடைக்கும். கோழி முட்டையில் 18-ஆம் நாள் வரை புரட்டுகிறோம். கரு சவ்வோடு ஒட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று பலரும் சொல்வது சரி, ஆனால் அது பாதிக் காரணம். சரியாகப் புரட்டாவிட்டால் சுவாசச் சவ்வு முட்டையைச் சுற்றி முழுதாக விரியாது, வெள்ளைக்கருவைக் கரு முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவும் முடியாது. கடைசி நாட்களில் இறந்த முட்டையின் கூர்முனையில் கெட்டியான வெள்ளைக்கரு மிச்சம் இருந்தால் நான் நேரே புரட்டும் தட்டின் மோட்டாரைப் போய்ப் பார்ப்பேன்.

இப்படிக் கருவின் வயதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கொஞ்சம் பழக்கம் வேண்டும். கண்ணில் கறுப்புப் பட்டிருக்கிறதா, விரல்கள் பிரிந்திருக்கின்றனவா, தூவி முளைத்திருக்கிறதா, மஞ்சள்கரு வயிற்றுக்கு வெளியே இருக்கிறதா என்று பார்த்தால் ஓரிரு நாள் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். மனிதர்கள் வெகு காலமாகச் செய்கிற காரியம்தான் இது. 2,300 ஆண்டுகளுக்கு முன்பு அரிஸ்டாட்டில், கோழி முட்டையில் மூன்று நாள் கழிந்தபின் இதயம் ஒரு ரத்தப் பொட்டாகத் தெரியும், அது துடிக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார். நாள் வாரியாக முட்டையைத் திறந்து பார்க்காமல் அதை எழுதியிருக்க முடியாது. 1951-இல் விக்டர் ஹாம்பர்கரும் ஹோவர்ட் ஹாமில்டனும் முட்டைக்குள் குஞ்சின் வளர்ச்சியை 46 நிலைகளாகப் பிரித்தார்கள். ஆய்வுக்கூடங்களில் இன்றும் அந்த எண்களைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள். நமக்கு 46 வேண்டாம். முதல் வாரம், நடு, கடைசி என்ற மூன்று போதும்.

உதவலாமா, கூடாதா?

பொரிப்பவர்கள் நடுவே தீராத சண்டை ஒன்று உண்டு. ஓட்டில் ஓட்டை போட்டுவிட்டு வராமல் கிடக்கிற குஞ்சுக்கு உதவலாமா? உதவக் கூடாது, தானாக வர முடியாதது பிழைக்காது என்று ஒரு கட்சி. கண்ணெதிரே சாக விடுவதா என்று இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். இரண்டு கட்சியும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறதே தவிர, உள்ளே அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பேசுவதில்லை என்பது செத்த முட்டைகளைத் திறக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நடப்பது இது. குஞ்சு முதலில் உட்சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் அலகை நுழைக்கிறது. வெளியே நமக்கு ஒன்றும் தெரியாது, சில சமயம் கீச்சுச் சத்தம் கேட்கும். அந்த அறையின் காற்று மெல்லத் தீர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, கழுத்துத் தசை வெட்டி வெட்டி இழுக்கிறது, அலகின் நுனியில் இருக்கும் சின்ன முட்டைப்பல் ஓட்டில் மோதி முதல் விரிசல் விழுகிறது. விரிசல் விழுந்ததும் நாம் பெட்டியைச் சுற்றிவர ஆரம்பிக்கிறோம். குஞ்சோ ஓய்வெடுக்கிறது. 12 மணி நேரம், சில நேரம் 24 மணி நேரமும் ஆகும். சும்மா கிடக்கிற மாதிரிதான் தெரியும். அந்த நேரத்தில்தான் சவ்வின் குழாய்களில் ஓடிக்கொண்டிருந்த ரத்தம் உடம்புக்குத் திரும்புகிறது, மிச்ச மஞ்சள்கரு தொப்புள் வழியாக உள்ளே இழுக்கப்பட்டு வயிறு மூடுகிறது. இந்த மஞ்சள்கருவை வைத்துக்கொண்டுதான் பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாள் இரையோ தண்ணீரோ இல்லாமல் தாங்குகிறது. பிறகுதான் ஓட்டைச் சுற்றிலும் கொத்தி மூடியைத் திறக்கும்.

விரிசல் விட்ட கொஞ்ச நேரத்தில் இறந்த ஒரு குஞ்சை உரித்துப் பார்த்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வயிற்றுக்கு வெளியே மஞ்சள்கருப் பை தொங்கும், சவ்வில் ரத்தக் குழாய்கள் தடித்து நிற்கும். உயிரோடு இருந்தபோது இதை யாராவது இரக்கப்பட்டு உரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. அவசரப்பட்டு உரிப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான். அதே காரணத்தால்தான் ஒருநாளும் உதவாதே என்பவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிப்போய், உள்ளே எல்லாம் முடிந்து மஞ்சள்கரு போய் வயிறும் மூடிய நிலையில் இறந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். அந்தக் குஞ்சு பலவீனமானது என்று சொல்ல எந்த ஆதாரமும் அதன் உடம்பில் இல்லை. ஆர்வம் தாங்காமல் யாரோ பெட்டியின் மூடியைத் திறந்து ஈரத்தை வெளியே விட்டதற்கு அது எப்படிப் பொறுப்பாகும்? விரிசல் விட்டு 24 மணி நேரம் தாண்டி, சவ்வு பழுப்பாகக் காய்ந்து, குழாய்களில் சிவப்பு தெரியவில்லை என்றால், வெதுவெதுப்பான ஈரத் துணியால் சவ்வை நனைத்து மெல்ல விலக்கிப் பார்ப்பேன். ஒரு துளி ரத்தம் கசிந்தாலும் கையை எடுத்துவிட்டு உள்ளே வைத்துவிடுவேன்.

அக்கா இதில் என்னைவிடப் பொறுமைசாலி. காடை விஷயத்தில் அவள் சொல்வது சரியும்கூட. காடை 17, 18 நாளில் பொரிக்கும். பொரிக்கும் முன்பே ஓட்டுக்குள்ளிருந்து சொடுக்குச் சத்தம் கொடுக்கும். ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் முட்டைகளில் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிந்தியவை வேகம் பிடிக்கும், எல்லாம் சில மணி நேரத்துக்குள் மொத்தமாக வந்து விழும். "அதுங்களே பேசி முடிவு பண்ணிக்கும், நீ நடுவுல புகுந்து கெடுக்காதே" என்பாள்.

உடைப்பதற்கு முன்

அவள் வாதத்தில் நான் முழுசாக ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு: செத்துவிட்டது என்று உறுதியாகத் தெரியாமல் கையே வைக்கக் கூடாது. கோழிக்கு 21 என்பது கடிகாரம் பார்த்து வருகிற நாள் இல்லை. பெட்டி அரை டிகிரி குறைவாக ஓடினாலே தள்ளிப்போகும். 23-ஆம் நாள் முடியும்வரை நான் தொடுவதில்லை. வாத்துக்கு 28 நாள், மஸ்கோவி வாத்துக்கு 35. இதை மறந்து, எல்லா வாத்தும் ஒன்றுதான் என்று எண்ணி உடைத்துவிடக் கூடாது. நாள் கடந்த பிறகும் முதலில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு காற்றறைக்கு மேலே மட்டும் சின்னதாக ஒரு துளை, அதன் வழியாக உட்சவ்வைப் பார்க்க வேண்டும். குழாய்கள் பளிச்சென்று சிவப்பாக இருந்தாலோ சவ்வு லேசாக ஏறி இறங்கினாலோ அது உயிரோடு இருக்கிறது. திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டியதுதான். வெந்நீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று இருந்தால் நாமே மூழ்கடித்ததாகிவிடும்.

வெளிப்புறத்தில் உடைப்பதற்குக் காரணம் நாற்றம் மட்டும் இல்லை. பாக்டீரியா புகுந்த முட்டைக்குள் வாயு அடைத்துக்கொண்டு இருக்கும், தட்டிய நொடியில் வெடிக்கும். கையில் எடுக்கும்போதே நாற்றம் வந்தாலோ, ஓட்டில் கசிவு தெரிந்தாலோ அதைத் திறக்காதீர்கள். அது சொல்ல வேண்டியதை மூக்கு மூலமாகச் சொல்லிவிட்டது. கையுறை, முகக்கவசம், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது, இதெல்லாம் நோய் உண்டாக்கும் சால்மோனெல்லா பாக்டீரியாவுக்காக. அப்புறம் காட்டுப் பறவைகளின் முட்டையை எடுத்துவந்து இதையெல்லாம் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் அது சட்டப்படி குற்றம். குற்றம் இல்லாத இடத்திலும், பொரித்துவந்த குஞ்சுக்கு என்ன ஊட்டுவது என்று தெரியாமல் விழிப்பீர்கள்.

சித்தப்பா பெட்டியை என்னிடம் கொடுக்கவில்லை. ஒரு சின்னத் தராசு வாங்கி, ஈரப்பதமானியை நம்புவதை விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை முட்டையை எடைபோட ஆரம்பித்தார். எடை சரியாக இறங்குகிறதா என்று பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுகிறார். ஓடு தடித்த முட்டையும் மெல்லிய முட்டையும் ஒரே பெட்டியில் ஒரே வேகத்தில் காயாது என்பதை எனக்கு முன்பே அவர் கவனித்துவிட்டார். உருண்டை முட்டைகளுக்கு டார்ச் அடித்து அகன்ற முனையில் ஒரு பெருக்கல் குறி போடுகிறார். போனில் பேசும்போது சதவீதம் சொல்வதில்லை. "ரெண்டு தெளிவு, ஒண்ணு ரத்த வளையம், ஒண்ணு காற்றறைக்குள்ள மூக்கை விட்டுட்டு நின்னுது" என்று வரிசையாகப் படிப்பார். மூழ்கியவை இப்போது வருவதில்லை. ஆனால் போன அடையில் நடுவாரத்தில் நின்றவை நிறைய, அதில் சிலவற்றின் தூவி சுருண்டிருந்ததாம். படம் அனுப்பினார், எனக்கும் அப்படித்தான் பட்டது. தாய்க்கோழிக்கு வெறும் தானியம் மட்டும் போடுகிறார்களா என்று கேளுங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். ஏற்கெனவே சேவலைக் குறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட அதே மனிதரிடம், இந்தத் தடவை நோட்டும் கையுமாகப் போய். முட்டைக்காரர் இன்னும் கோபத்தில்தான் இருக்கிறார் என்று கேள்வி. ஆனால் தீவனத்தை மாற்றிவிட்டாராம்.